கேள்வி – பதில்: கோரேங் பீசாங்கில் பிளாஸ்டிக்கா?

கேள்வி: எங்கள் டவுனில் பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கும் ஒட்டுக்கடையில் வாங்கும் கோரேங் பீசாங் (மாவில் முக்கிப் பொரித்த வாழைப்பழம்) வெகுநேரம் மொறுமொறுவென்று இருக்கிறது. வீட்டில் நான் போட்டால் பத்தே நிமிடத்தில் தொய்ந்துவிடுகிறது. கடைக்காரர்கள் எண்ணெயில் பிளாஸ்டிக் ஸ்ட்ராவைப் போட்டு உருக்குவதாக வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா? என் வீட்டுக்காரருக்கு இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) வேறு. சாயங்காலம் தே தாரிக்கும் (நுரை வர ஆற்றிய பால் தேநீர்) நாலு துண்டு பீசாங்கும் இல்லாவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்.
– ஒரு வாசகி, சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: ஸ்ட்ரா உருகியதைப் பார்த்தது நீங்களா, வாட்ஸ்அப்பா? இந்தக் கதை பல வருடமாக ஊர் ஊராகச் சுற்றுகிறது. கொதிக்கிற எண்ணெயில் பிளாஸ்டிக்கைப் போட்டால் நாற்றம் தெருமுனைக்கே வரும், அரிகரண்டியிலும் பிசுபிசுவென்று ஒட்டும். அரிசி மாவும் வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பும் சில காசில் முடித்துவிடும் வேலைக்கு எந்த வியாபாரி இந்தத் தொல்லையை இழுத்துக்கொள்வார்? கண்ணால் கண்டால் மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் புகார் கொடுங்கள், 1983-ஆம் ஆண்டு உணவுச் சட்டம் அதற்குத்தான் இருக்கிறது. காணாதவரை அந்தச் செய்தியை உங்கள் போனோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் குவாலிக்கு (வாணலிக்கு) வருவோம். வெறும் கோதுமை மாவில் கரைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கோதுமையில் பசைத்தன்மை உண்டு. கலக்கக் கலக்க அது இழுபடும், பொரித்தபின் தோல் மாதிரி ஆகிவிடும். அரிசி மாவில் அந்தப் பசை இல்லாததால் மேல்தோல் உடையும்படி வரும். எட்டுப் பழத்துக்கு அரிசி மாவு ஒரு கப், கோதுமை மாவு அரை கப், சோள மாவு ஒரு மேசைக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, நிறத்துக்கு ஒரு சிட்டிகை மஞ்சள். சீனி போடுவதானால் ஒரு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம், பழம் வேகுமுன் மாவு கருகிவிடும்.

சுண்ணாம்பைப் பட்டாணி அளவு எடுத்துக் கால் கப் தண்ணீரில் கரைத்து அப்படியே வையுங்கள். அடியில் படிந்ததை விட்டுவிட்டு, மேலே தெளிந்த நீரில் இரண்டு மேசைக்கரண்டி மட்டும் மாவில் சேருங்கள். மொறுமொறுப்பும் பொன்னிறமும் இதில்தான் வருகின்றன. அளவு மீறினால் கசக்கும், நாக்கும் பொத்துப்போகும். பிறகு குளிர்ந்த தண்ணீர் ஏறக்குறைய ஒரு கப், தோசை மாவுப் பதம் வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாக. அங்கங்கே கட்டி இருந்தால் இருக்கட்டும், அடித்துக் கலக்காதீர்கள்.

பழம் தப்பினால் மாவு என்ன செய்யும்? பெராங்கான், மாஸ் என்ற வாழைப்பழ வகைகள் உரித்துத் தின்ன நல்லவை, எண்ணெயில் குழைந்துவிடும். பீசாங் ராஜா முதல் தரம். நங்கா, அபு, தண்டோக் மூன்றும் தாங்கும். தோலில் கரும்புள்ளி விழுந்து, அழுத்தினால் உள்ளே இறுக்கமாக இருக்கும் பழமே சரி. பச்சையாக இருந்தால் மாவுச்சத்து இனிப்பாக மாறியிராது. அளவுக்கு மீறிப் பழுத்தால் சாறு கசிந்து எண்ணெயில் கருகும். அதைப் பிசைந்து ஜெம்புட் ஜெம்புட் (மாவோடு கலந்து பொரிக்கும் பழ உருண்டை) போட்டுவிடுங்கள், வீணாகாது. நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, முதலில் வெறும் அரிசி மாவில் புரட்டிவிட்டுக் கரைசலில் முக்குங்கள். ஈரப் பழத்தில் கரைசல் நேரடியாக நிற்காது, குவாலியில் கழன்றுவிடும்.

எண்ணெய் இரண்டு அங்குல ஆழமாவது வேண்டும். ஒரு சொட்டு மாவு விழுந்ததும் சுற்றிலும் குமிழியோடு மேலே வந்தால் சூடு சரி. அடியில் கிடந்து யோசித்தால் இன்னும் காயவில்லை என்று அர்த்தம், அந்த நேரத்தில் போட்டால் பழம் எண்ணெயைக் குடிக்கும். ஒரு தடவைக்கு ஐந்தாறு துண்டுதான். ஒரேயடியாகப் பன்னிரண்டைப் போட்டால் சூடு சட்டென்று இறங்கிவிடும். வீட்டில் பெரும்பாலும் தவறுவது இங்கேதான்.

ஒட்டுக்கடையின் ரகசியம் இரட்டைப் பொரிப்பு. நடுத்தரச் சூட்டில் நான்கு நிமிடம், வெளிர் நிறத்திலேயே எடுத்து ஐந்து நிமிடம் ஆறவைப்பார்கள். ஆள் வந்ததும் நல்ல சூட்டில் ஒன்றரை நிமிடம். உள்ளிருந்து தோலுக்கு ஏறிய ஈரம் இரண்டாவது பொரிப்பில் ஓடிவிடும். பொரித்ததைச் செய்தித்தாளில் குவிக்காமல் கம்பித் தட்டில் ஆறவிடுங்கள். மூடி போட்ட டப்பாவும் முடிச்சுப் போட்ட பிளாஸ்டிக் பையும் அதே ஆவியை அடைத்து வைக்கும். பத்து நிமிடத்தில் தொய்வது அதனால்தான்.

சுற்றிலும் செம்பனைத் தோட்டமாக இருக்கும் ஊரில் எண்ணெய்க்கு யோசனை வேண்டாம். கிலோ 2 வெள்ளி 50 காசு அரசு மானிய எண்ணெய்ப் பொட்டலமே போதும், பாமாயில் உயர்ந்த சூட்டையும் தாங்கும். மாவுத்தூள் போக வடிகட்டினால் இரண்டு மூன்று முறை பயன்படுத்தலாம். நுரை அடங்காவிட்டாலோ, சூடேறுமுன் புகைந்தாலோ அந்த எண்ணெய் முடிந்தது. சாக்கடையில் ஊற்றாமல் போத்தலில் சேர்த்து வையுங்கள், பழைய எண்ணெயை எடைக்கு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

உங்கள் வீட்டுக்காரர் விஷயம். 2023 தேசிய சுகாதார ஆய்வுப்படி நாட்டில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். நாலு துண்டு என்பது இரண்டு முழுப் பழமும் ஒரு கை மாவும் எண்ணெயும். நீங்கள் பீசாங்கை மட்டும் எண்ணுகிறீர்கள், தே தாரிக்கை எண்ணவில்லை. அதில் ஊற்றுகிற டின் பாலில் ஏறத்தாழ பாதி சர்க்கரை. நாலை ஒன்றாக்கச் சொல்லுங்கள், பக்கத்தில் தே ஓ கோசோங் (பாலும் சீனியும் இல்லாத தேநீர்). எவ்வளவு தின்றால் சர்க்கரை எவ்வளவு ஏறுகிறது என்பதை, தின்று இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்திப் பார்க்கும் கருவி சொல்லிவிடும். அதற்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால், அடுத்த கேள்வியை அவரையே எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.