முதலில் வரியைப் படியுங்கள்

கேள்வி: காஃப்காவின் எழுத்துக்கு இசை என்றார்களே என்று ஆசையாக ‘காஃப்கா துணுக்குகள்’ கேட்டேன். ஒரு பெண் குரல், ஒரு வயலின். மெட்டு என்று எதுவும் பிடிபடவில்லை. ஜெர்மனும் தெரியாது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஓடுவதை ஒரே மூச்சில் கேட்டிருப்பீர்கள். நானும் முதலில் அப்படித்தான் கேட்டேன், பாதியில் நிறுத்திவிட்டேன். அப்புறம் ஒருநாள் வரிகளின் மொழிபெயர்ப்பை வாய்விட்டுப் படித்துவிட்டு, ஒரே ஒரு துணுக்கை மட்டும் கேட்டேன். அன்றைக்குத்தான் அது எனக்குப் பிடித்துப்போனது.

ஹங்கேரிய இசையமைப்பாளர் ஜ்யோர்ஜ் கூர்தாக் 1985-87இல் இதை எழுதினார். மொத்தம் 40 துணுக்குகள். வரிகள் காஃப்காவின் நாட்குறிப்பு, கடிதங்கள், குறிப்பேடுகளிலிருந்து எடுத்தவை. சில துணுக்குகள் ஒரு நிமிடம்கூட நீடிக்காது.

நீங்கள் டிராம் காட்சி வரும் துணுக்கிலிருந்து தொடங்குங்கள். எதுவார்தோவா என்ற நடனக்காரி எங்கே போனாலும் இரண்டு வயலின்காரர்களைக் கூட்டிக்கொண்டு போகிறாள். டிராமில்கூட அவர்களை வாசிக்கச் சொல்கிறாள். ஆனால் மேடையில் இருப்பதோ ஒரே வயலின்காரர்! கூர்தாக் அவரிடம் வெவ்வேறு சுருதி சேர்த்த இரண்டு வயலின்களைக் கொடுத்துவிட்டார். அவர் மாற்றி மாற்றி வாசிக்கிறார். கதை தெரிந்து கேட்டால் அந்த இரண்டு ஆட்களும் கண்முன் நிற்பார்கள்.

அடுத்து, ‘உண்மையான வழி’. அந்த வழி ஒரு கயிற்றின் மேல் போகிறதாம். கயிறும் உயரத்தில் இல்லை, தரையை ஒட்டி இருக்கிறது. நடப்பதற்கென்று கட்டியதாகவே தெரியவில்லை, காலைத் தடுக்கத்தான் கட்டியிருப்பார்கள் போல. ‘காஃப்கா துணுக்குகள்’ நான்கு பாகங்கள் கொண்டது, அதில் இரண்டாம் பாகம் முழுக்க இந்த ஒரே பாட்டுதான். வயலின் அடிமேல் அடி வைத்து மெதுவாக நகரும். கேட்கக் கேட்க, எங்கே கால் இடறுமோ என்று எனக்கே பயமாக இருக்கும்.

கூர்தாக் வரிக்கு மெட்டுப் போடவில்லை, வரியை அவர் எப்படிப் படித்தார் என்பதைக் கேட்க வைக்கிறார். அதனால் நீங்களும் ஒருமுறை படித்திருக்க வேண்டும். அமெரிக்க இசையமைப்பாளர் ஜார்ஜ் கிரம்ப், ஸ்பானியக் கவிஞர் லோர்காவின் கவிதைகளுக்கு 1970இல் எழுதிய ‘குழந்தைகளின் தொன்மக் குரல்கள்’ இன்னொரு நல்ல வாசல். ஒரு சிறுவன் தொலைந்த தன் குரலைத் தேடுகிறான் என்பது முதல் கவிதை. பாடகி பியானோவுக்குள் பாடுகிறார். தந்திகள் அந்தக் குரலை அதிர்ந்து திருப்பித் தருகின்றன.

கேள்வி: பாடகரே இல்லாத இசையையும் கவிதையிலிருந்து பிறந்தது என்கிறார்களே?

பதில்: இத்தாலிய இசையமைப்பாளர் லூயிஜி நோனோ 1980இல் முடித்த ஸ்டிரிங் குவார்டெட் (இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ என நால்வர் இசைப்பது) ஒன்று அப்படிப்பட்டது. ஜெர்மன் கவிஞர் ஹோல்டர்லினின் சிறு சிறு வரிகளை இசைக்குறிப்பிலேயே ஆங்காங்கே எழுதிவைத்தார். அவற்றை மேடையில் வாய்விட்டுச் சொல்லக் கூடாது, இசைக்கிறவர்கள் மனசுக்குள் பாடிக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய கட்டளை. நமக்கு ஒரு சொல்லும் எட்டாது. இதற்கு மட்டும் முன்கூட்டி எதையும் படிக்காதீர்கள். பல இடங்களில் வில் தந்தியைத் தொடுவதே கேட்காத அளவுக்கு மெல்லிய இசை இது. நடுநடுவே நீண்ட மௌனம் வரும். சரி, பாட்டு நின்றுவிட்டது என்று எழுந்துவிடாதீர்கள், அந்த நால்வரும் அப்போதும் பாடிக்கொண்டிருக்கலாம்.