மற்றவர்களை மகிழ்விப்பதையே கதையாகக் கொண்ட ஐரோப்பிய நகைச்சுவைப் படங்களில் எதைப் பார்க்கலாம்?

யோசிக்காமல் 'அமேலி' பாருங்கள். ழான் பியர் ழெனே இயக்கி 2001-இல் வந்த பிரெஞ்சுப் படம். அமேலியாக ஓத்ரே தொத்தூ. பாரிஸில் மோன்மார்த்ர் பகுதியில் ஒரு கஃபேயில் வேலை செய்யும் பெண்.

1997-இல் இளவரசி டயானா இறந்த செய்தியை டிவியில் பார்த்த அதிர்ச்சியில் கையிலிருந்த பாட்டில் மூடியைத் தவறவிடுகிறாள். அது உருண்டு முட்டிய இடத்தில் ஓடு பெயர்ந்து, உள்ளே ஒரு தகரப் பெட்டி. 40 வருடத்துக்கு முன் அந்த வீட்டிலிருந்த பையன் ஒளித்து வைத்த விளையாட்டுச் சாமான்கள். உரியவரைத் தேடிப் பிடித்து, தான் யாரென்று காட்டிக்கொள்ளாமல் அதை அவர் கையில் சேர்க்கிறாள். அவர் கண் கலங்குவதைப் பார்த்ததும், இனி இதுதான் நம் வேலை என்று கிளம்பிவிடுகிறாள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அடுத்து வரும் காட்சி. பார்வையற்ற பெரியவர் ஒருவரின் கையைப் பிடித்து விறுவிறுவென்று நடத்திக்கொண்டே, வழியில் கண்ணில் படுவதையெல்லாம் மூச்சுவிடாமல் சொல்கிறாள். கடையில் என்ன விலை, ஒரு குழந்தை நாயைப் பார்க்கிறது, அந்த நாய் கோழிக்கறியைப் பார்க்கிறது என்று. மெட்ரோ வாசலில் அவரை விட்டுவிட்டு ஓடிவிடுகிறாள். சாலையைக் கடத்திவிட்டிருந்தாலே போதும்; இவள் தெருவையே அவருக்குக் கொடுத்துவிட்டுப் போகிறாள்.

ஊருக்கெல்லாம் நல்லது செய்பவளுக்கு, தனக்குப் பிடித்த நினோவின் எதிரில் போய் நிற்கத் தைரியமில்லை. உதவியைக்கூட மறைந்திருந்தே செய்கிறாள். அதைக் கண்டுபிடிப்பவர் அண்டைவீட்டு துஃபாயேல். எலும்பு நொறுங்கும் நோயால் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடப்பவர். ரெனுவாரின் படகு விருந்து ஓவியத்தை வருடத்துக்கு ஒன்றாகத் திரும்பத் திரும்ப வரைபவர். அதில் தண்ணீர் டம்ளருடன் இருக்கும் பெண்ணின் முகம் மட்டும் அவருக்குப் பிடிபடுவதே இல்லை. அந்தப் பெண்ணைப் பற்றிப் பேசுவதுபோல இருவரும் அமேலியைப் பற்றியே பேசிக்கொள்ளும் இடங்கள்தான் படத்தின் உயிர்.

ஒரு விஷயம் எனக்கு இன்னும் உறுத்துகிறது. விட்டுப் போன கணவனை நினைத்து உருகும் பெண்ணுக்கு, அவன் பழைய கடிதங்களை வெட்டி ஒட்டி, மன்னிப்புக் கேட்பதுபோல ஒரு பொய்க் கடிதம் அனுப்புகிறாள். அந்தப் பெண் சந்தோஷப்படுவது உண்மைதான், ஆனாலும் எனக்கு அது சரியாகப் படவில்லை.

வசனம் பிரெஞ்சில் வேகமாக ஓடும், சப்டைட்டிலோடு பாருங்கள். யான் தியர்செனின் இசைக்காக நல்ல ஹெட்போன் இருந்தால் நல்லது. படுக்கையறைக் காட்சிகள் சில உண்டு, குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்க வேண்டாம்.