குறட்டை நின்றால்தான் கவனிக்கணும்

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 44 வயது. கேரளாவுக்குத் தக்காளி லோடு ஓட்டுகிறார். படுத்தால் குறட்டை. நடுவில் திடீரென்று சத்தமே இருக்காது. நான் இருபது எண்ணி முடித்தும் மூச்சு வராத நாள் உண்டு. அப்புறம் திணறி ஒரு இழுப்பு இழுப்பார். ராத்திரியில் மூன்று தடவை ஒன்றுக்குப் போகிறார். சர்க்கரை இல்லையென்று டெஸ்ட்டில் வந்துவிட்டது. அவரைக் கேட்டால் "நல்லாத்தானே தூங்கினேன்" என்கிறார். மாமியாரோ, "உழைச்ச உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்கிறார். இது அமுக்குவானா?

- வாசகி, பாலக்கோடு

பதில்: அமுக்குவான் இல்லையம்மா. அதில் விழிப்பு வந்துவிடும், கை கால்தான் அசையாது. காலையில் அவரே சொல்லுவார். உங்கள் வீட்டுக்காரருக்கு எதுவுமே நினைவில்லை. மாமியார் சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது, அசந்து தூங்கினால் குறட்டை வரத்தான் செய்யும். ஆனால் அது அடங்கிப்போகிற அந்த இருபது எண்ணிக்கைதான் எனக்குக் கவலை தருகிறது. டாக்டர்கள் இதை ஸ்லீப் ஆப்னியா என்பார்கள்.

தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் பிளாஸ்டிக் ஓஸை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் ஓடாதபோது சப்பிப்போய்க் கிடக்கும். தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து, நாக்கு பின்னால் சரிந்து, மூச்சுப் பாதையும் அப்படித்தான் ஒட்டிக்கொள்கிறது. நெஞ்சு இழுக்கும், காற்று போகாது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்கியதும் மூளை பதறி எழுப்பிவிடும். அதுதான் நீங்கள் கேட்கும் அந்த இழுப்பு. சில விநாடி விழிப்பு என்பதால் அவர் மனதில் நிற்பதில்லை. பத்து விநாடி மூச்சு நின்றாலே டாக்டர்கள் கணக்கில் சேர்ப்பார்கள். மணிக்கு 30 தடவையைத் தொட்டால் கடுமையான நிலை. இப்படி வருஷக்கணக்கில் விட்டால் ரத்த அழுத்தம் ஏறும், இதயத்துக்கும் கெடுதல்.

ஒன்றுக்குப் போவதற்கும் இதில் தொடர்பிருக்கலாம். அடைத்த தொண்டையோடு நெஞ்சு இழுக்கும்போது இதயம் விரிகிறது. ரத்தம் அதிகமாகிவிட்டது என்று நினைத்து, நீரை வெளியேற்றச் சொல்லும் ஹார்மோனைச் சுரக்கிறது. சிறுநீரகம் அதைக் கேட்டு நடக்கிறது.

இனி சொல்வதை அவரிடமே வாசித்துக் காட்டுங்கள். பகலில் கண் சொக்குகிறதா? சிக்னலில் நிற்கும்போது தலை தொங்குகிறதா? ஆமென்றால், சிகிச்சை தொடங்கிச் சரியாகும்வரை ஸ்டியரிங்கை வேறு ஆளிடம் கொடுக்கட்டும். கேரளா லோடென்றால் தொப்பூர் கணவாய் இறங்கித்தானே போக வேண்டும்? நன்றாகத் தூங்கி எழுந்தவனுக்கே அந்த இறக்கத்தில் பிரேக் பிடிக்காத நாள் உண்டு. வருமானம் போகுமே என்பீர்கள். தெரியும். இருந்தாலும் இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அசதிக்கென்று குவார்ட்டர் போடும் வழக்கம் இருந்தால் அதையும் நிறுத்தணும். போட்டால் தூக்கம் சீக்கிரம் வரும், தொண்டை இன்னும் தளரும். தூக்க மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கவே வேண்டாம். ஒருக்களித்துப் படுப்பதும், எடை கூடியிருந்தால் குறைப்பதும் பலருக்கு உதவும்.

தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு ஓ.பி. சீட்டு போடுங்கள். ஓர் இரவு உடம்பில் கருவி மாட்டி, மூச்சையும் ஆக்ஸிஜனையும் அளக்கும் தூக்கப் பரிசோதனைக்கு எங்கே போக வேண்டுமென்று அவர்கள் எழுதித் தருவார்கள். நோய் உறுதியானால் சிபாப் என்ற இயந்திரத்தைச் சொல்லலாம். மாஸ்க்கைப் பார்த்ததும் "ஆக்ஸிஜன் வைக்கிற அளவுக்கு ஆயிடுச்சா?" என்று மாமியார் அழுதுவிடப் போகிறார், முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அது நம் அறையில் இருக்கும் அதே காற்றைத்தான் அழுத்தி அனுப்புகிறது. மோட்டார் போட்டதும் ஓஸ் உருண்டு நிற்குமே, அதே வேலை. 1981-லிருந்து இருக்கும் வைத்தியம். முதல் சில வாரம் எரிச்சலாக இருக்கும், பிறகு பழகும்.

டாக்டரிடம் போகுமுன் அவர் தூங்குவதைச் செல்போனில் ஐந்து நிமிஷம் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். போர்வையை விலக்கி, சட்டையில்லாமல் எடுங்கள். சத்தம் அடங்கியிருக்கும்போது நெஞ்சும் வயிறும் போராடுகின்றனவா, அவையும் சும்மா கிடக்கின்றனவா என்பது டாக்டருக்குத் தெரியணும். இரண்டுக்கும் காரணம் வேறு, வைத்தியமும் வேறு.