வகுப்பில் தூங்கும் பிள்ளையும் தூக்கத்தோடு சேர்ந்து வருபவையும்: கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டக் குடும்பங்களுக்கான நம் குழுவில், சிறுவர்களுக்கு வரும் நார்கோலெப்சி என்னும், பகலிலும் அடக்க முடியாமல் தூக்கம் வரும் நோயைப் பற்றிப் பேசும்படி கேட்டிருந்தீர்கள். குழந்தைகள் வார்டில் நெடுங்காலம் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான், மருத்துவர் அல்லள். ஆகவே மருந்தின் அளவை மட்டும் என்னிடம் கேட்க வேண்டாம்.

கேள்வி (ஒரு தாய்): மிஸ்ஸி அக்கா, என் மகனுக்குப் பத்து வயது. நார்கோலெப்சி என்று பெரிய மருத்துவமனையில் உறுதி செய்துவிட்டார்கள். தூக்கம் தொடங்கிய ஆறு மாதத்தில் 9 கிலோ கூடிவிட்டான். நான் சாப்பாட்டைக் கூட்டவே இல்லை. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

பதில்: உண்டு, அம்மா. மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸில் ஓரெக்சின் என்ற பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் இருக்கின்றன. 1998இல் கண்டறியப்பட்ட இப்பொருள் நம்மை விழித்திருக்கச் செய்வதோடு, பசியையும் உடல் ஆற்றலைச் செலவிடும் வேகத்தையும் ஒழுங்குபடுத்துகிறது. நார்கோலெப்சியின் முதல் வகையில் இந்த அணுக்களில் பெரும்பாலானவை அழிந்துவிடுவதால், தூக்கம் கட்டுக்கடங்காமல் போகும் அதே காலத்தில் எடையும் ஏறுகிறது. நோய் தொடங்கிய முதல் ஆண்டிலேயே இந்த ஏற்றம் மிகுதியாக இருக்கும்.

ஆகவே எடையைத் தூக்கத்தின் பக்க விளைவு என்று ஒதுக்கிவிடாமல் தனியாகக் கவனிக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடை, உயரம், இரத்த அழுத்தம் ஆகியவற்றைப் பாருங்கள். கழுத்தின் பின்புறமும் அக்குளும் வெல்வெட் துணிபோலக் கறுத்துத் தடித்தால், அழுக்கென்று எலுமிச்சம்பழம் தேய்த்துக் கழுவாதீர்கள். இன்சுலின் சரிவர வேலை செய்யவில்லை என்பதற்கு அது பெரும்பாலும் ஓர் அறிகுறி. வீட்டில் தாத்தா பாட்டிக்கு இனிப்புநீர் இருந்தால், அரசாங்கக் கிளினிக்கில் சர்க்கரைப் பரிசோதனை கேட்டு வாங்குங்கள். தூக்கம் கலைவதற்காக மைலோவும் தே தாரிக்கும் கொடுக்கும் வழக்கத்தையும் நிறுத்துங்கள். அந்தச் சர்க்கரை எடையில்தான் போய்ச் சேரும்.

கேள்வி (ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்): சகோதரி, நீங்கள் தலைகீழாகச் சொல்கிறீர்கள். பருமனான பிள்ளைதான் குறட்டை விட்டு இரவுத் தூக்கம் கெட்டுப் பகலில் தூங்கும். காலையில் நாசி லெமாக், மாலையில் ரொட்டி சானாய் என்று கொடுத்துவிட்டு மூளையைக் குறை சொல்வது நியாயமா?

பதில்: நீங்கள் சொல்வதில் பாதி உண்மை, ஐயா. தூக்கத்தில் மூச்சு தடைப்படும் நோய் பருமனாலும் வரும், தொண்டைச் சதை வீக்கத்தாலும் வரும். நார்கோலெப்சி உள்ள பிள்ளைக்கு எடை கூடிய பிறகு அதுவும் சேர்ந்து வரக்கூடும். ஆனால் எது முதலில் வந்தது என்று தாயைக் கேளுங்கள். ஒல்லியாக இருந்த பிள்ளைக்குத் தூக்கம் வந்து, அதன் பின்னோ அதனோடோ எடை ஏறியிருந்தால், எடையைக் காரணமாகக் காட்ட முடியாது. குறட்டைக்கு முறையாக வைத்தியம் பார்த்த பிறகும் பகல் தூக்கம் நீடித்தால், குறட்டையோடு விசாரணையை முடித்துவிடக் கூடாது.

கேள்வி (ஒரு தந்தை, செம்பனைத் தோட்டம்): என் மகளுக்கு 13 வயது. வகுப்பில் தூங்குகிறாள். இதுவும் அந்த நோய்தானா?

பதில்: இரவில் எத்தனை மணி நேரம் தூங்குகிறாள், கைப்பேசி யாருடைய அறையில் இருக்கிறது என்பதை இரண்டு வாரம் எழுதி வையுங்கள். எட்டு மணி நேரத்துக்கு மேல் தூங்கியும் இப்படியே இருந்தால் கிளினிக்குக்குப் போங்கள்.

கேள்வி (ஒரு பாட்டி): பேத்தி வயிறு குலுங்கச் சிரித்தால் முழங்கால் மடங்கி உட்கார்ந்துவிடுகிறாள். வாய் திறந்து, நாக்கு வெளியே வந்து, இமை சரிந்துவிடுகிறது. இழுப்பு (வலிப்பு) என்று மருந்து கொடுத்திருக்கிறார்கள். மருந்தால் ஒன்றும் குறையவில்லை.

பதில்: நீங்கள் வருணிப்பது கேட்டபிளெக்சியாக இருக்கலாம், அம்மா. சிரிப்பு, வியப்பு போன்ற உணர்ச்சி எழும்போது தசைகள் திடீரெனத் தளர்ந்துபோகும் நிலை அது. இழுப்பு வந்த பிள்ளைக்குப் பெரும்பாலும் நினைவு தப்பிவிடும். கேட்டபிளெக்சியில் பிள்ளைக்கு நீங்கள் பேசுவது கேட்கும், எழுந்தபின் அதைத் திருப்பியும் சொல்லும். சிறு பிள்ளைகளிடம், நோய் தொடங்கிய காலத்தில், சிரிக்காதபோதும் முகம் தொங்கி நாக்கு வெளியே நீள்வதுண்டு. அதைப் பார்த்து “முகம் கோணுகிறாள், நடிக்கிறாள்” என்று அடித்த வீடுகளை நான் அறிவேன். அடுத்த முறை நிகழும்போது கைப்பேசியில் படமெடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். வாயால் சொல்வதைவிட அந்தப் படம் அவருக்கு மிகவும் உதவும். இழுப்பு மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

கேள்வி (தலைமையாசிரியர்): மீண்டும் வருகிறேன். தின்னாமல் எடை எப்படிக் கூடும்? அறிவியல் படித்தவன் என்பதால் கேட்கிறேன்.

பதில்: அறிவியலிலேயே பதில் சொல்கிறேன், ஐயா. ஓரெக்சின் அணுக்கள் அழியும்படி வளர்க்கப்பட்ட எலிகளை 2001இல் ஆராய்ந்தார்கள். அவை மற்ற எலிகளைவிடக் குறைவாகவே தின்றன. இருந்தும் நாளடைவில் பருத்தன. வரவு குறைந்தாலும் செலவு அதைவிடக் குறைந்தால் பெட்டியில் பணம் சேரும் அல்லவா? பிள்ளைகளிடம் இது மட்டுமே நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. சில பிள்ளைகள் நள்ளிரவில் எழுந்து பிஸ்கட் டின்னைத் தேடுவதும் உண்டு. ஓடியாடாமல் படுத்தே கிடப்பதும் சேர்ந்துகொள்ளும்.

குறுக்கே (முதல் கேள்வி கேட்ட தாய்): சார், கல்யாண வீட்டில் என் பிள்ளையின் தட்டையே எல்லாரும் பார்க்கிறார்கள். இரண்டு தோசைக்கு மேல் நான் வைப்பதில்லை. நீங்களும் அவர்களைப்போலவே பேசினால் நான் யாரிடம் போவேன்?

பதில்: இத்துடன் எடை விவாதத்தை நிறுத்திக்கொள்வோம். எனக்கு வந்துள்ள கேள்விகளில் இதே சண்டையைத் தொடர்பவை மட்டும் பதினொன்று. அவற்றுக்குப் பதில் எழுதமாட்டேன்.

கேள்வி (ஒரு தாய்): மகளுக்கு ஏழரை வயது. நார்கோலெப்சிக்கு மருந்து சாப்பிடுகிறாள். மார்பு வளரத் தொடங்கிவிட்டது. மாமியார் கோழிக்கறியால் என்கிறார்.

பதில்: கோழியை விட்டுவிடுங்கள். பெண் பிள்ளைக்கு எட்டு வயதுக்கு முன்பும் ஆண் பிள்ளைக்கு ஒன்பது வயதுக்கு முன்பும் பருவ மாற்றம் தொடங்கினால், அது முன்கூட்டிய பூப்பு. நார்கோலெப்சி உள்ள பிள்ளைகளிடம், குறிப்பாக எடை வேகமாக ஏறியவர்களிடம், மற்றப் பிள்ளைகளைவிட இது அதிகம் காணப்படுகிறது. எலும்பு விரைவில் முதிர்ந்து வளர்ச்சி நின்றுவிடக்கூடும் என்பதால் உயரம் குறையும். அடுத்த முன்பதிவு நாள் வரை காத்திராமல் இந்த வாரமே மருத்துவரிடம் சொல்லுங்கள். கையை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைப் பார்ப்பார்கள். தள்ளிப்போட மருந்தும் உண்டு. ஆனால் காலம் கடந்தால் அதனால் பயன் குறைவு.

கேள்வி (ஒரு மாமா): இரவில் மருமகன் நெஞ்சில் ஏதோ ஏறி அமுக்குகிறது, கத்த முடியவில்லை என்கிறான். அமுக்குவான் பேய்க்குக் கயிறு கட்டியாகிவிட்டது.

பதில்: கயிறு கையில் இருப்பதில் தவறில்லை, மருத்துவரிடமும் போக வேண்டும். மலாய்க்கார அண்டை வீட்டார் இதையே கெனா திண்டிஹ் என்பார்கள். கனவு காணும் தூக்கத்தில் உடல் அசையாமலிருக்க மூளை தசைகளைக் கட்டிவைக்கிறது. கட்டு அவிழும் முன் விழிப்பு வந்துவிட்டால் இப்படித்தான் இருக்கும். நல்ல உடல்நலம் உள்ளவர்களுக்கும் எப்போதாவது வரும். பகல் தூக்கத்தோடு சேர்ந்து அடிக்கடி வந்தால்தான் ஐயப்பட வேண்டும். நார்கோலெப்சி உள்ளவருக்கு இரவுத் தூக்கமும் துண்டு துண்டாகத்தான் இருக்கும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

கேள்வி: பள்ளியில் போடும் தடுப்பூசியால் இது வருமா?

பதில்: இந்த அச்சத்துக்குப் பின்னால் உண்மையான ஒரு வரலாறு உண்டு. 2009இல் பரவிய எச்1என்1 காய்ச்சலுக்கு ஐரோப்பாவில் போட்ட பாண்டெம்ரிக்ஸ் என்ற ஊசிக்குப் பிறகு, பின்லாந்திலும் சுவீடனிலும் சிறுவர்களிடையே நார்கோலெப்சி கூடியது 2010இல் தெரியவந்தது. அது ஒரு குறிப்பிட்ட ஊசி. இப்போது பயன்பாட்டில் இல்லை. சீனாவில் ஊசி போடாதவர்களிடமும் அந்தக் காய்ச்சலுக்குப் பின் நோய் கூடியது. நம் பள்ளிகளில் போடும் ஊசி அதுவன்று. போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: மகன் வகுப்பில் தூங்குகிறான். இது நார்கோலெப்சியா?

பதில்: செம்பனைத் தோட்டத்து அண்ணனுக்குச் சொன்னதை மேலே படியுங்கள்.

கேள்வி (ஒரு தந்தை): மகனுக்கு 16 வயது. நோய் உறுதியாகிவிட்டது. மோட்டார் லைசென்ஸ் எடுக்கலாமா?

பதில்: மருத்துவர் எழுதிக் கொடுக்கும்வரை கூடாது. செம்பனை லாரிகள் ஓடும் சாலையில் இரண்டு விநாடி கண் சொக்கினால் போதும். லைசென்ஸ் இல்லாமலே தோட்டத்துக்குள் ஓட்டுகிறான் என்றால் சாவியை வாங்கி வையுங்கள். ஆற்றில் தனியாக இறங்கவும் விடாதீர்கள்.

கேள்வி: பள்ளி விடுமுறையில் மருந்தை நிறுத்தி உடலுக்கு ஓய்வு கொடுக்கலாமா?

பதில்: நீங்களாக நிறுத்தக் கூடாது. கேட்டபிளெக்சிக்குக் கொடுக்கும் வென்லாஃபாக்சின் போன்ற மாத்திரையைத் திடீரென விட்டால், தளர்ச்சி ஒன்றன்பின் ஒன்றாக மணிக்கணக்கில் வரலாம். அப்படிக் கொண்டுவரப்பட்ட ஒரு பையனை வார்டில் பார்த்திருக்கிறேன். ஒரு மிடறு தண்ணீர் கொடுக்கவே பயந்தோம்.

கேள்வி: மகள் வகுப்பில்...

பதில்: மேலே பார்க்கவும்.

கேள்வி (15 வயது மாணவி): மிஸ்ஸி, நானே கேட்கலாமா? எனக்கு ஓராண்டாக இந்த நோய் இருக்கிறது. தோழிகளோடு சிரிக்கப் பயமாக இருக்கிறது. எதிலும் மனம் ஒட்டவில்லை. இதுவும் நோயா, நானே இப்படியா?

பதில்: நீ கேட்டது மிகவும் சரி, தங்கையே. இந்த நோய் உள்ள இளையோரிடம் மனச்சோர்வும் பதற்றமும் கவனச் சிதறலும் அதிகம். நோயே மனத்தை வாட்டலாம். விழ நேருமோ என்று சிரிப்பை அடக்கி அடக்கியும் மனம் வாடும். சில மருந்துகளாலும் பதற்றம் கூடுவதுண்டு. அது உன் குணமன்று. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, தூக்கத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் இதை முதலில் சொல். அம்மாவை ஐந்து நிமிடம் வெளியே இருக்கச் சொல்லும்படி நீயே மருத்துவரைக் கேட்கலாம். வாழவே வேண்டாம் என்று ஒருநாளேனும் தோன்றியிருந்தால் அதுவரை காத்திராதே. இன்றிரவே வீட்டில் நீ நம்பும் ஒருவரை எழுப்பிச் சொல், நாளைக் காலையில் அவரோடு கிளினிக்குக்குப் போ. உன் தனிச்செய்திப் பெட்டியில் என் எண்ணைப் போட்டிருக்கிறேன். நான் ரப்பர் தோட்டத்துப் பால்வெட்டுக் குடும்பத்தில் பிறந்தவள். விடியுமுன் நான்கு மணிக்கெல்லாம் எழுந்துவிடுவேன்.

கேள்வி (தலைமையாசிரியர்): சண்டைக்கு வரவில்லை. என் பழைய பள்ளியில் இப்போதுள்ள ஆசிரியர்களிடம் என்ன சொல்லட்டும்?

பதில்: மருத்துவரின் கடிதம் வந்தால் இரண்டு பாடங்களுக்கு நடுவில் 20 நிமிடம் அந்தப் பிள்ளையை நூலக மூலையில் படுக்க விடச் சொல்லுங்கள், ஐயா. எழுப்பும்போது தோளைத் தொட்டுப் பெயர் சொல்லி அழைத்தால் போதும். முகத்தில் தண்ணீர் அடிக்க வேண்டாம்.