ராம் கூட்டியதும் கணினி உறைகிறதா?

கேள்வி: எங்கள் ஸ்டூடியோ கணினியில் 64 பிட் லினக்ஸ். 4 ஜிபி ராமை 16 ஆக்கியதிலிருந்து, பழைய வீடியோ கேப்சர் கார்டில் பதிவு செய்தாலே உறைந்துவிடுகிறது. கடைக்காரர் காசு வாங்கிக்கொண்டு இரண்டு தடவை ராமை மாற்றினார். இப்போது மதர்போர்டு போய்விட்டது என்கிறார். மாற்றிவிடலாமா?

பதில்: வேண்டாம். 4 ஜிபியில் ஒழுங்காக ஓடிய கார்டு, அதைத் தாண்டியதும் படுத்துக்கொண்டால் என் முதல் சந்தேகம் டிரைவர் மேல்தான், அதாவது கார்டை இயக்கும் மென்பொருள் மேல்.

ராமில் ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு முகவரி எண் உண்டு. 32 பிட்டில் அடங்கும் முகவரிகள் சுமார் 429 கோடி, அதாவது 4 ஜிபி. டிரைவர் எழுதியவர் முகவரியை 32 பிட் மாறியில் (நிரலில் எண்ணை வைக்கும் பெட்டி) போட்டிருந்தால், அதற்கு மேலுள்ள இலக்கங்கள் சத்தமில்லாமல் வெட்டுப்படும். 1105ஆம் எண் வீட்டுக் கடிதத்தை, கடைசி மூன்று இலக்கம் மட்டும் படிக்கும் தபால்காரர் 105இல் போட்டுவிட்டுப் போவது மாதிரி. 5 ஜிபி முகவரிக்குப் போக வேண்டிய வீடியோ 1 ஜிபியில் போய் விழும். அங்கே லினக்ஸின் மையமான கெர்னலின் சொந்தச் சாமான் இருந்தால் எல்லாம் உறையும். வேறு கோப்பு இருந்தால் அது கெட்டுப்போகும், உங்களுக்குத் தெரியவும் தெரியாது.

ஒரு ராத்திரி முழுக்க, ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் நிரல் ஓடட்டும். பிழை வராவிட்டால் லினக்ஸ் தொடங்கும்போது கொடுக்கும் 'மெம்' என்ற பூட் ஆப்ஷனில் 3 ஜிபி ராம் மட்டும் போதும் என்று கொடுத்துப் பதிவு செய்து பாருங்கள். ஓடினால் மதர்போர்டைத் தொட வேண்டியதில்லை.

ஒன்றைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். 32 பிட் மட்டுமே எட்டும் கார்டு என்பதில் தப்பில்லை. 'எனக்கு இவ்வளவுதான் எட்டும்' என்று டிரைவர் கெர்னலிடம் முதலிலேயே சொல்லிவிட்டால் போதும். கெர்னல் 4 ஜிபிக்குக் கீழே ஓர் இடம் ஒதுக்கி, தரவை அங்கே இறக்கி, பிறகு தானே மேலே நகலெடுத்துக்கொள்ளும். கொஞ்சம் மெதுவாகும், அவ்வளவுதான். ஆகவே 'கார்டு பழசு, குப்பை' என்பவரையும் நம்ப வேண்டாம். எட்டாததை எட்டும் என்று சொல்லும் டிரைவர்தான் குற்றவாளி.

கார்டு கம்பெனிகள் லினக்ஸுக்கு ஒரு தடவை டிரைவர் எழுதிப் போட்டுவிட்டுக் காணாமல் போய்விடுகின்றன. பெரிய எண்ணைச் சின்ன மாறியில் திணித்தால் நிரலைக் கணினி மொழிக்கு மாற்றும் ஜிசிசி கம்பைலர் வழக்கமான எச்சரிக்கைகளோடு இதைச் சொல்வதில்லை. அதற்குத் தனி சுவிட்ச் உண்டு, யார் போடுகிறார்கள்? கெர்னலே தப்பவில்லை: 2021 ஜூலையில் வெளியான செக்வோயா என்ற பாதுகாப்பு ஓட்டை, கோப்புமுறைப் பகுதியில் ஓர் அளவெண்ணை 32 பிட்டில் திணித்ததால் வந்தது. 2014 முதல் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது.

கெர்னலோடு வரும் டிரைவர் இருந்தால் அதைப் போடுங்கள். இல்லையென்றால் பதிவு செய்யும் நாளில் மட்டும் 3 ஜிபியோடு பூட் செய்யுங்கள். அப்புறம், இரண்டு தடவை வாங்கிய ராம் காசைக் கடைக்காரரிடம் திருப்பிக் கேளுங்கள்.