சர்க்கரையும் விழித்திரையும்: உங்கள் கடிதங்களுக்குப் பதில்

சர்க்கரைக் கண்நோய்க்கு நோய் எதிர்ப்பு மண்டலமும் காரணம் என்கிறார்களே, உண்மையா? (ரோஸ் ஹில்)

அதற்கும் பங்கு உண்டு, ஆனால் மூலகாரணம் பல வருடம் கட்டுக்குள் வராத சர்க்கரைதான். அது விழித்திரையின் நுண்குழாய்ச் சுவரைப் புண்படுத்துகிறது. புண்பட்ட சுவரில் வெள்ளணுக்கள் ஒட்டிக்கொள்கின்றன. மயிரைவிட மெல்லிய குழாய்கள் என்பதால் சில அடைபடும், சில கசியும். விழித்திரையில் காவல் இருக்கும் மைக்ரோகிளியா அணுக்களும் கிளர்ந்து அழற்சிப் பொருள்களைச் சுரக்கும். ரத்தம் எட்டாத பகுதியில் விஇஜிஎஃப் புரதம் கூடி, கசிவை அதிகரித்து, எளிதில் உடையும் புதுக் குழாய்களை முளைக்க வைக்கும்.

எனக்கு வகை 1 சர்க்கரை நோய். கணையத்தைத் தாக்கியதுபோல் என் உடலே கண்ணையும் தாக்குகிறதா? (காத்ர் போர்ன்)

இல்லை. கணையத்தில் நடந்தது இன்சுலின் சுரக்கும் பீட்டா அணுக்களைக் குறிவைத்த தாக்குதல். கண்ணில் நடப்பது சர்க்கரை உண்டாக்கிய புண்ணுக்கான எதிர்வினை. வகை 2காரர்களுக்கும் இதே கதைதான். வகை 1 என்றால் ஐந்து வருடத்துக்குள் முதல் விழித்திரைப் பரிசோதனை; வகை 2 என்றால் நோய் தெரிந்த உடனே. கண் பாப்பாவை (கருவிழியின் நடுத்துளையை) மருந்து விட்டு விரித்துப் பார்க்க வேண்டும்.

எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் பொடி சாப்பிடுகிறேன். பார்வை தெளிவாகத்தான் இருக்கிறது. இனியும் பரிசோதனை தேவையா? (திரியோலே)

மாதம் இரண்டு கடிதமாவது இப்படி வருகிறது. எதிர்ப்புச் சக்தி குறைந்தால் ஊற்றி நிரப்ப அது குடத்துத் தண்ணீர் இல்லை. சர்க்கரை ஏறிய உடம்பில் அது ஒரே நேரத்தில் இரண்டு விதமாகக் கெடுகிறது: கிருமியை எதிர்ப்பதில் தளர்கிறது, எதிரியே இல்லாத விழித்திரையில் ஓயாமல் புகைகிறது. அந்தப் புகைச்சலை இன்னும் 'கூட்டி' என்ன செய்யப்போகிறீர்கள்? எந்தப் பொடியும் விழித்திரையைக் காத்ததாக நம்பத்தக்க ஆய்வு எதையும் நான் பார்த்ததில்லை.

பொடியைவிட எனக்குக் கவலை அது வாங்கித்தரும் நிம்மதி. ஓர் அம்மா எட்டு மாதம் பொடியை நம்பிப் பரிசோதனையைத் தள்ளிப்போட்டார். ஒரு காலையில் ஒரு கண்ணில் கறுப்புத் திரை விழுந்த பிறகுதான் வந்தார். உள்ளே ரத்தம். முந்தைய வருடம் வந்திருந்தால் லேசரோடு முடிந்திருக்கும். பார்வை தெளிவாக இருக்கும்போதே நோய் முற்றும், இதை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு அலுக்காது. நிரூபணமான வழி பழையதுதான்: 1993-இல் வெளியான பெரிய ஆய்வில், வகை 1காரர்களில் சர்க்கரையை இறுக்கிப் பிடித்தவர்களுக்குப் புதிதாகக் கண்நோய் வரும் ஆபத்து முக்கால்வாசி குறைந்தது. நம் மொரிஷியஸ் தீவில் பெரியவர்களில் ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை. மோகாவில் பாரதியின் பெயரிலேயே அரசுக் கண் மருத்துவமனை இருக்கிறது, காசும் கேட்பதில்லை. போங்கள்.

அழற்சிதான் காரணம் என்றால் ஆஸ்பிரின் போதாதா? (கூர்பிப்)

போதாது. தினம் 650 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள். கண்நோய்க்கு நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. இதயத்துக்காக எழுதிக்கொடுத்திருந்தால் கண்ணுக்குப் பயந்து நிறுத்தாதீர்கள்.

கண்ணுக்குள் ஸ்டீராய்டு வைக்கலாம் என்கிறார் மருத்துவர். சர்க்கரை ஏறாதா? (போ பாசேன்)

கண்ணுக்குள் போகும் அளவு மிகச் சிறியது, ரத்தச் சர்க்கரையை அவ்வளவாக அசைக்காது. விழித்திரை வீக்கம் அதில் வடிவதே அழற்சிக்குப் பங்கு உண்டு என்பதற்குச் சாட்சி. ஆனால் புரை வளரும், கண் அழுத்தம் ஏறும். அதனால்தான் பெரும்பாலும் விஇஜிஎஃப் புரதத்தைத் தடுக்கும் ஊசி முதலில். கண் அழுத்தத்தை அளக்க அவர் சொன்ன தேதியைத் தவறவிடாதீர்கள்.

கண் மங்கல். என்ன மருந்து? (ஊர் எழுதவில்லை)

சர்க்கரை எத்தனை வருடம், மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி எவ்வளவு, ரத்த அழுத்தம் என்ன, பாப்பாவை விரித்துப் பார்த்து எத்தனை மாதம்? எதுவும் இல்லை. கண்ணாடிக் கடையில் எழுத்து வாசித்தது விழித்திரைப் பரிசோதனை ஆகாது. எனக்கு எழுதிக் காத்திராமல் இந்த வாரமே கண் மருத்துவரைப் பாருங்கள்.

போன மாதம் கண்ணுக்குள் ரத்தம் கசிந்தது. தைப்பூசத்துக்குக் காவடி நேர்ந்திருக்கிறேன். (போர்ட் லூயி)

இந்த வருடம் தூக்காதீர்கள். பாரம் சுமந்து மூச்சை அடக்கி முக்கினால் அந்தப் புதுக் குழாய்கள் மறுபடி உடையலாம். லேசர் முடிந்து அவை சுருங்கியதை உங்கள் மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். நேர்த்திக்கடனை அதன்பின் செலுத்தலாம். பத்து நாள் சைவ விரதம் இருங்கள், ஆனால் வேளைச் சாப்பாட்டை விடாதீர்கள். இன்சுலின் அளவை விரதம் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.