நிலம் கேட்கப் போகிறீர்களா, ஊருக்குப் போகிறீர்களா?

கேள்வி: எனக்கு வயது 41. சொந்த ஊர் கொல்லிமலை, மலையாளி என்ற பழங்குடி சமூகம். 14 வயதில் அப்பா எங்களைக் கீழே கூட்டிவந்துவிட்டார். இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. ஊரில் அவர் பங்கு ஒன்றரை ஏக்கரும் இடிந்த வீடும் இருக்கின்றன. 27 வருடமாகச் சித்தப்பாதான் உழுகிறார், மிளகும் காப்பியும் வைத்திருக்கிறார். பட்டா இன்னும் தாத்தா பெயரில். போன வருடம் மகளுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்கப் போனேன். விசாரணையில் சித்தப்பா வந்து நின்று "இவன் எங்க அண்ணன் மகன்தான்" என்று சொன்னார். அன்று ராத்திரி அவர் வீட்டில் தங்கினோம். அதிலிருந்து ஊர் நினைப்பாகவே இருக்கிறது. மனைவி வரமாட்டேன் என்கிறார். மகள் ஒன்பதாவது, மகன் ஐந்தாவது. ஒரு அக்கா, ஈரோட்டில் இருக்கிறார். குடும்பத்தோடு திரும்பிப் போய்விடலாமா? சித்தப்பாவிடம் நிலத்தை எப்படிக் கேட்பது? ஊர் என்னை ஏற்றுக்கொள்ளுமா?
- ஒரு வாசகர், திருப்பூர்

பதில்:

தம்பி, உங்கள் கடைசிக் கேள்விக்கு உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. அதிகாரி முன்னால் வந்து நின்று இவன் எங்க அண்ணன் மகன் என்று சொன்னாரே சித்தப்பா, அதைவிட வேறு என்ன வேண்டும்? இத்தனை வருடம் கழித்து, பொங்கலுக்கோ நோன்புக்கோ வராமல், ஒரு காகிதத்துக்காக வந்து நின்ற அண்ணன் மகனுக்கு அவர் ஒரு நாள் கூலியையும் வேலையையும் விட்டுவிட்டு வந்திருக்கிறார். ராத்திரி சோறு போட்டுப் படுக்க இடமும் கொடுத்திருக்கிறார். ஊர் உங்களை ஏற்றுக்கொண்டாயிற்று. இனி நீங்கள் எதற்காகப் போகிறீர்கள் என்பதுதான் கேள்வி, அதை நீங்கள்தான் உங்களுக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஏனென்றால் அடுத்த முறை நீங்கள் அடிவாரத்துக் காரவள்ளியில் பஸ் ஏறி 70 கொண்டை ஊசி வளைவும் சுற்றி மேலே போய் இறங்கிய முதல் மணி நேரத்திலேயே பட்டா, பங்கு என்று ஆரம்பித்தால், போன வருடம் அவர் போட்ட சோற்றுக்கும் ஒரு அர்த்தம் வந்துவிடும். அன்றைக்கே இதை மனதில் வைத்துத்தான் வந்தானோ என்று சித்தி நினைப்பார். அந்த நினைப்பு ஒருமுறை வந்துவிட்டால் போகாது. எனக்குத் தெரியும். என் அம்மாயி ஊர் பச்சைமலை அடிவாரத்தில், துறையூர் பக்கம். என் மாமா ஒருவர் 20 வருடம் கழித்து ஊருக்கு வந்து, காலை டீ குடிக்கிறதுக்கு முன்னாலேயே கிணற்றுப் பங்கைப் பற்றிக் கேட்டார். நியாயமான பங்குதான், கொடுத்துவிட்டார்கள். ஆனால் அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவருக்கு யாரும் பாய் விரித்ததை நான் பார்க்கவில்லை.

ஆகவே குடும்பத்தோடு இப்போதே போக வேண்டாம். மகள் ஒன்பதாவது, அடுத்த வருடம் பத்தாவது பொதுத்தேர்வு, அவளை இந்த நேரத்தில் பள்ளி மாற்றாதீர்கள். மலையிலும் பழங்குடியினர் நலத்துறை உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன, பிள்ளைகள் படித்து வரத்தான் செய்கிறார்கள், நான் அதைக் குறை சொல்லவில்லை. பத்தாவதில் ஊர் மாறுவது எந்தப் பிள்ளைக்கும் கஷ்டம், அவ்வளவுதான். மனைவி வரமாட்டேன் என்பதையும் பிடிவாதமாகப் பார்க்காதீர்கள். அவர் பார்த்தது ஒரு ராத்திரி. அந்த ஒரு ராத்திரியை வைத்து நீங்கள் போகலாம் என்கிறீர்கள், அவர் வேண்டாம் என்கிறார், இரண்டு பேருக்கும் கையில் இருப்பது அதே ஒரு ராத்திரிதான்.

ஒரு வருடம் நீங்கள் மட்டும் போய் வாருங்கள். நாலைந்து தடவை, ஒவ்வொரு முறையும் நாலு நாளாவது. ஆடி 17, 18 வல்வில் ஓரி விழாவுக்குப் போகாதீர்கள், அன்றைக்கு ஊரே கீழே இருந்து வந்த கூட்டமாக இருக்கும், நீங்களும் அதில் ஒருவராகத்தான் தெரிவீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் போங்கள், துணி காயாத வாரம் எப்படி இருக்கும் என்று தெரியும். தையிலோ மாசியிலோ மிளகு பறிக்கும்போது போங்கள், கொடி படர்ந்திருக்கும் சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாய்த்து ஏறிப் பறிக்கிற வேலை, 41 வயதில் கட்டிங் டேபிள் முன்னாலேயே நின்று பழகிய உடம்புக்கு முதல் நாளே எல்லாம் புரிந்துவிடும். பங்குனி, சித்திரை வெயிலில் ஒரு தடவை, அப்போது தண்ணீர் எங்கிருந்து வருகிறது, யார் தூக்கி வருகிறார்கள் என்று பாருங்கள் (பெரும்பாலும் பெண்கள்தான், உங்கள் மனைவி வந்தால் அது அவர் தலையில்தான் விழும், அதனால் இதை அவருக்காகவே பாருங்கள்). வைகாசி, ஆனியில் சாமை விதைக்கிறவர்கள் இன்னும் யாராவது உங்கள் ஊரில் இருந்தால் அவர்களோடு ஒரு நாள் காட்டில் நில்லுங்கள். உங்கள் தாத்தா காலத்தில் சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகுதான் சோறு. அப்புறம் கீழே சேகோ (ஜவ்வரிசி) மில்காரர்கள் கேட்கிறார்கள் என்று குச்சிக்கிழங்கு (மரவள்ளி) வந்து அந்தக் காடுகளை எடுத்துக்கொண்டது. கிழங்கில் கையில் காசு வரும், ஆனால் விலை மில் சொல்வதுதான், சரிவில் மண்ணும் அரித்துப் போகும். சாமையில் காசு குறைவு, உமி நீக்கிக் குத்துவதற்குள் பெண்களுக்குக் கை விட்டுப்போகும், அதனாலேயே பல வீட்டில் நிறுத்திவிட்டார்கள். ஒன்றரை ஏக்கரில் இதில் எது செய்தாலும் திருப்பூர் சம்பளம் வராது. அதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது, தெரியாமல் போய் மூன்றாம் வருடம் கடனோடு இறங்கி வருவதைவிட.

நிலத்துக்கு வருகிறேன். சித்தப்பா 27 வருடம் உழுததால் மட்டும் உங்கள் அப்பா பங்கு இல்லாமல் போய்விடாது. கூட்டுச் சொத்தில் ஒரு பங்காளி அனுபவித்து வருவது மற்றவர்களுக்கும் சேர்த்து அனுபவிப்பதாகத்தான் பொதுவாகச் சட்டம் பார்க்கும். இதை நான் சொல்வது நீங்கள் நிம்மதியாக இருப்பதற்காக, அவரிடம் போய்ச் சொல்வதற்காக இல்லை. ஏனென்றால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. மிளகுக்கொடி நட்டால் காய்ப்புக்கு மூன்று நாலு வருடம் ஆகும், அதுவரை களை வெட்டி, நிழல் கழித்து, வாடல் நோயில் போன கொடிக்குப் பதில் வேறு நட்டு, அத்தனையும் அவர் செலவு, அவர் முதுகு. அவர் அதைச் செய்யாமல் விட்டிருந்தால் இன்று நீங்கள் கேட்க உங்களுக்கு ஒன்றரை ஏக்கர் புதர்தான் இருந்திருக்கும், எல்லைக் கல்கூட மிஞ்சியிருக்காது. ஆகவே நான் சொல்வது, முதலில் வீட்டு மனையை மட்டும் கேளுங்கள். அப்பா வீடு இருந்த இடத்தில் ஒரு அறை கட்டிக்கொள்ளட்டுமா சித்தப்பா என்று கேளுங்கள். மிளகும் காப்பியும் அவர் இருக்கும்வரை அவரே பறிக்கட்டும், நீங்கள் பறிப்புக்கு ஆளாகப் போய் நில்லுங்கள். ஒரு வருடம் கழித்து அவரே பேச்சை எடுத்தாலும் எடுப்பார். எடுக்காவிட்டால் ஊர்ப் பெரியவர் ஒருவரை வைத்துக்கொண்டு, சித்தி இருக்கும்போது பேசுங்கள். வக்கீல் நோட்டீஸ் கடைசிக்கும் கடைசி.

ஆனால் காகித வேலையைப் பேச்சோடு முடிந்தது என்று விடாதீர்கள், இது உங்கள் இருவர் பிள்ளைகளுக்கும் நல்லது. பட்டா தாத்தா பெயரில் இருக்கிறது என்றால் தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் வாரிசுச் சான்றிதழ் வேண்டும். சிட்டாவும் நில வரைபடமும் எடுத்து, சர்வே நம்பர் தரையில் இருக்கிற நிலத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள், மலையில் இது பல இடத்தில் ஒத்துவராது. அந்த ஒன்றரை ஏக்கரில் ஏதாவது துண்டு வனத்துறைக் கணக்கில் இருந்தால் அது வேறு வழி, 2006 வன உரிமைச் சட்டத்தில் கிராம சபை மூலமாகப் போக வேண்டும், அதில் கிடைக்கும் உரிமையை வாரிசுக்கு விடலாம், விற்க முடியாது. எல்லாம் சரியான பிறகு பாகப்பிரிவினை எழுதிப் பதிவு செய்யுங்கள். வீடு கட்ட மண்ணை வெட்டுவதற்கு முன்னால் பஞ்சாயத்திலும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் கேளுங்கள், மலைப்பகுதிக்குத் தனி விதிகள் உண்டு.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்று. கடிதத்தில் அக்காவுக்கு அரை வரி கொடுத்திருக்கிறீர்கள், ஈரோட்டில் இருக்கிறார் என்று. அவருக்கும் அதே அப்பாதானே? 1956 இந்து வாரிசுரிமைச் சட்டம் பட்டியல் பழங்குடியினருக்கு நேரடியாகப் பொருந்தாது, அதை வைத்து "எங்க வழக்கத்தில் பொண்ணுக்குப் பங்கு கிடையாது" என்று சொல்லிவிடுகிறவர்கள் நிறைய. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சத்தீஸ்கரின் ஒரு கோண்டு பழங்குடிக் குடும்ப வழக்கில், பெண்ணுக்குப் பங்கு இல்லை என்று ஒரு வழக்கத்தை யாரும் நிரூபிக்காதபோது பெண் என்பதற்காகவே பங்கை மறுக்க முடியாது என்று சொல்லியிருக்கிறது. சட்டத்தை விடுங்கள். நீங்கள் ஊரை விட்டு இறங்கியபோது 14 வயது, அக்காவுக்கு அதைவிடக் கூட. அந்த வீட்டுத் திண்ணையும் பலா மரமும் உங்களைவிட அவருக்குத்தான் அதிகம் ஞாபகம் இருக்கும். அவரும் ராத்திரியில் நினைத்துக்கொண்டு படுத்திருக்கலாம், யாரும் அவரிடம் கேட்கவில்லை. அப்பாவுடன் பிறந்த அத்தைகள் யாராவது இருந்தால் அவர்களுக்கும் இதே பேச்சுத்தான். பெண்களை விட்டுவிட்டு நீங்களும் சித்தப்பாவும் மட்டும் கையெழுத்துப் போட்டு ஒரு பத்திரம் எழுதினால், பத்து வருடம் கழித்து அது உங்கள் மகன் தலையில் வந்து விழும்.

அக்காவுக்கு இன்று ராத்திரியே போன் பண்ணுங்கள். ஐப்பசியில் போகிறேன், நீயும் வருகிறாயா என்று கேளுங்கள். வருவதாகச் சொன்னால் இரண்டு பேருமாகப் போய் இறங்குங்கள், சித்தப்பாவுக்கு ஒரு கம்பளியும் சித்திக்கு ஒரு புடவையும் வாங்கிக்கொண்டு. அந்த முறை நிலத்தைப் பற்றி எதுவும் பேசாதீர்கள்.